கருவில் இருக்கும் பிள்ளையை இரசாயனம் தாக்குமா? எலிகள் சொல்வதும் சொல்லாததும்

மன்னார் தீவின் ஓலைத்தொடுவாய் போன்ற கரையோரக் கிராமங்களில் மீனில்லாத சோறு அரிது. இடம்பெயர்ந்து, நிவாரண அரிசியிலும் பருப்பிலும் காலம் கழித்துத் திரும்பிய குடும்பங்களுக்குச் சத்துணவை மீண்டும் தந்தது கடல்தான். அந்த மீனில் பாதரசம் இருக்கிறது, கர்ப்பிணிகள் கவனம் என்று கேள்விப்படும்போது பயம் வருவது இயல்பு. ஒரு இரசாயனம் கருவைத் தாக்கும் என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

முதலில் எலிகளில். எலியின் கர்ப்பகாலம் 21 முதல் 22 நாட்கள். சர்வதேச வழிகாட்டலின்படி கர்ப்பிணி எலிகளை நான்கு குழுக்களாகப் பிரிப்பார்கள். குழுவொன்றில் ஏறத்தாழ 20 எலிகள். மூன்று குழுக்களுக்குக் குறைந்த, நடுத்தர, கூடிய அளவுகளில் இரசாயனம் கொடுக்கப்படும். நான்காவது குழுவுக்கு அது இல்லை. கரு கருப்பையில் ஒட்டிய நாளிலிருந்து நாள்தோறும் கொடுத்து, பிரசவத்துக்கு முதல்நாள் அளவில் கருப்பையைத் திறந்து பார்ப்பார்கள். எத்தனை குட்டிகள் உயிரோடு உள்ளன, எத்தனை கருவிலேயே கரைந்தன, எடை என்ன என்று கணக்கிடுவார்கள். ஏறத்தாழ பாதிக் குட்டிகளில் எலும்புகளையும், மீதியில் உள்ளுறுப்புகளையும் ஆராய்வார்கள். பாதிப்பே காட்டாத அளவைப் பெரும்பாலும் நூறால் வகுத்து மனிதருக்கான பாதுகாப்பு எல்லையை வகுக்கிறார்கள்.

ஆனால் எலி மனிதரல்ல. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் மருந்தால் 10,000 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளுடன் பிறந்தன. அதே மருந்து எலிக்குட்டிகளில் அந்தக் குறைபாட்டைக் காட்டவில்லை, முயல்களில் காட்டியது. அதனால்தான் இன்று முயலிலும் சோதிக்கிறார்கள்.

பாதரசத்தின் பாடத்தை மனிதர்களே கற்பித்தார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் 1956 இல் நோய் வெளிப்பட்டபின், பெரிதாக அறிகுறியில்லாத தாய்மாருக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பிறந்தது தெரியவந்தது. பரோ தீவுகளிலும் சீஷெல்ஸிலும் தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து ஆராய்ந்ததன் அடிப்படையில், மெதைல் பாதரசத்தின் வாராந்த எல்லை 2003 இல் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது.

50 கிலோ எடையுள்ள தாய்க்கு இது வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசமுள்ள பெரிய சுறாவென்றால் 80 கிராமிலேயே எல்லை முடிந்துவிடும். அதில் பத்திலொரு பங்கு மட்டுமே உள்ள சிறு மீனென்றால் 800 கிராம் வரை சாப்பிடலாம். மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் பெரிய மீன்களில்தான் பாதரசம் சேர்கிறது.

ஆகவே கர்ப்பிணிகள் மீனை நிறுத்த வேண்டியதில்லை. அதன் சத்து பிள்ளைக்குத் தேவை. பெரிய சுறாவைத் தவிர்த்து, சூடை, நெத்தலி, சாளையைச் சட்டியில் போடலாம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது: ஆய்வுகூட எலிக்குக் கொடுப்பது ஒரு இரசாயனத்தை மட்டும். வயலில் கூலிக்குப் போகும் தாயைக் களைநாசினியும் பூச்சிநாசினியும் அடுப்புப் புகையும் சேர்ந்தே தாக்குகின்றன. மருந்தடிக்கும் வயலிலிருந்து கர்ப்பிணியை விலக்கி வைப்பதற்கு எந்த எலியின் சாட்சியும் தேவையில்லை.