வால் நட்சத்திரத்தில் தண்ணீர்! விமானத்தில் பறந்து பிடித்தனர்

வால் நட்சத்திரம் என்பது "அழுக்குப் பனிக்கட்டி உருண்டை" என்று அமெரிக்க விஞ்ஞானி பிரெட் விப்பிள் 1950-லேயே சொல்லிவிட்டார். ஆனால் நேரடி சாட்சி? 35 வருஷமாகச் சிக்கவில்லை!

தண்ணீர் உடைந்து சிதறிய துண்டுகள்தான் கிடைத்தன. பூட்டு உடைந்து கிடக்கிறது, திருடனைக் காணோம்!

1985-ல் ஹாலி வால் நட்சத்திரம் வந்தது. தவற விட்டால் அடுத்து 2061-ல்தான்.

சூடு பட்டால் பனிக்கட்டி ஆவியாகும். அந்த ஆவி, சூரிய வெளிச்சத்தை வாங்கி அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி விடும். கண்ணுக்குத் தெரியாத கதிர் இது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. போலீசில் கைரேகை மாதிரி!

இதில் ஒரு வில்லங்கம். பூமியின் காற்றிலும் நீராவி இருக்கிறதே! வருகிற கதிரை அது வழியிலேயே விழுங்கிவிடும்.

என்ன செய்தார்கள்? டெலஸ்கோப்பையே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்! அடேயப்பா, 91 சென்டிமீட்டர் கண்ணாடி! "நாசா"வின் கைப்பர் ஜெட் விமானம் அதைச் சுமந்து சுமார் 40 ஆயிரம் அடி உயரத்தில் பறந்தது. காற்றில் உள்ள நீராவி அநேகமாக எல்லாம் கீழே தங்கிவிட்டது.

மிச்சம் இருந்த கொஞ்சமும் ஏமாற்ற முடியவில்லை. ஹாலி ஓடுகிற வேகத்தில் அதன் கோடுகள் சற்றுத் தள்ளி விழுந்தன. பூமியின் கோடு வேறு, ஹாலியின் கோடு வேறு என்று பிரித்துவிட்டார்கள்.

1985 டிசம்பர் 22, 24 தேதிகளில் மைக்கேல் மம்மா குழுவினர் நடத்திய வேட்டையில் நீராவி கையும் களவுமாகப் பிடிபட்டது!

1996-ல் ஹியாகுடாகே வால் நட்சத்திரத்தில் ஈத்தேனும் மீத்தேனும் இதே அகச்சிவப்பு வித்தையில் சிக்கின. சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதே மீத்தேன்தான்!