ஒரு குழந்தை இருக்கை, மூன்று வண்டிகள்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

விடுமுறைக்குப் பிரான்சிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வரும் மாதங்களில் புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் இந்தக் காட்சி வழக்கமானது. சென்னை விமான நிலையத்திலிருந்து வாடகை வண்டியில் பேரப்பிள்ளை வந்து இறங்கும். நோணாங்குப்பத்தில் நன்னாவிடம் இருப்பது பத்து ஆண்டுக்கு முந்தைய சிறிய கார். முல்லா வீதியில் இருக்கும் மாமாவிடம் ஏழு பேர் உட்காரும் புது வண்டி. பெருநாள் அன்று ஒரு காரில் பயணம், மறுநாள் கடலூர் போக இன்னொரு கார்.

அங்கே கார் சீட் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாத குழந்தை, இங்கே வந்ததும் பெரியவர்களின் மடிக்கு மாறிவிடுகிறது. ஏன் என்று கேட்டால், "சீட் கொண்டுவந்தோம், ஆனால் இந்த வண்டியில் மாட்ட முடியவில்லை" என்பதே பல வீடுகளில் கிடைக்கும் பதில். இங்கேயே வாழும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. மகனின் காருக்கு வாங்கிய இருக்கை மருமகனின் காரில் பொருந்தாது. ஆகவே, வீட்டிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

மடி ஏன் போதாது?

"என் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அன்பில் அது உண்மை. ஆனால் விபத்தின் கணக்கு வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அந்த நொடியில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 200 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் இல்லை. மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாவிட்டால், அவருடைய எடையும் சேர்ந்து குழந்தையை நசுக்கும்.

முன் இருக்கையில் ஆபத்து இன்னும் அதிகம். பெரியவர்களைக் காக்க வைக்கப்பட்ட ஏர்பேக், மிகுந்த வேகத்தில் வெடித்து விரியும். 2024 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் நடந்த விபத்தில், முன் இருக்கையில் தாயின் மடியில் இருந்த 2 வயதுக் குழந்தை ஏர்பேக் விரிந்ததில் உயிரிழந்ததாகச் செய்தி வந்தது. அடுத்த மாதம் அம்மாநிலப் போக்குவரத்து ஆணையர், குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கி டிசம்பர் முதல் அபராதம் விதிக்கப்போவதாக அறிவித்தார். எதிர்ப்பு எழுந்ததும், இப்போதைக்கு அபராதம் இல்லை என்று அமைச்சர் சொல்லிவிட்டார். அபராதம்தான் தள்ளிப்போனது. ஆபத்து எங்கும் போய்விடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. புதுச்சேரிக்கும் இது பொருந்தும். நடைமுறையில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பதால் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

வெளிநாட்டில் நிலைமை வேறு. பிரான்சில் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உரிய இருக்கை இல்லாவிட்டால் 135 யூரோ அபராதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 4 வயது வரை குழந்தை இருக்கை கட்டாயம், மீறினால் 400 திர்ஹம். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு உரிய இருக்கை வேண்டும். அங்கே பழகிய ஒழுங்கை விமான நிலையத்தோடு விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

முதலில் வண்டிகளைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன், குழந்தை ஏறக்கூடிய ஒவ்வொரு வண்டியின் பின் இருக்கையையும் ஒருமுறை ஆராயுங்கள். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

ஒன்று, ஐசோஃபிக்ஸ் உண்டா? பின் இருக்கையில் சாய்மானமும் அமரும் மெத்தையும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறிய இரும்புக் கம்பிகள் கையில் பட்டால், அந்த வண்டியில் ஐசோஃபிக்ஸ் வசதி இருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் இது இருக்கும். பழைய சிறிய கார்களில் பெரும்பாலும் இருக்காது. ஏழு பேர் வண்டிகளில்கூடப் பொதுவாக நடு வரிசையில்தான் இருக்கும், கடைசி வரிசையில் இருக்காது.

இரண்டு, பெல்ட் எப்படிப்பட்டது? தோளிலிருந்து இடுப்புக்கு வரும் மூன்று முனை பெல்ட்தான் குழந்தை இருக்கையைக் கட்ட ஏற்றது. பின் வரிசையின் நடு இடத்தில் பல பழைய கார்களில் இடுப்புப் பெல்ட் மட்டுமே இருக்கும். அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்று, பெல்ட் கொக்கி வெளியே இருக்கிறதா? நம் ஊரில் கார் வாங்கியதும் முதல் வேலையாகத் தடித்த சீட் கவர் போட்டுவிடுகிறோம். பின் இருக்கையின் கொக்கிகளும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளும் அதற்கு அடியில் புதைந்துபோகின்றன. 'இந்த வண்டியில் பெல்ட்டே இல்லை' என்று சொல்லப்படும் வண்டிகள் சிலவற்றில் கவரைத் தூக்கினால் பெல்ட் கிடைக்கும். வாடகை வண்டிகளிலும் இதே கதைதான்.

நான்கு, இடம் எவ்வளவு? பின்னோக்கி உட்காரும் குழந்தை இருக்கை அதிக நீளத்தைப் பிடிக்கும். சிறிய காரில் அதை மாட்டினால் முன்னால் உட்காருபவர் முழங்காலை ஒடுக்க வேண்டிவரும். ஓட்டுநர் உயரமானவர் என்றால் அவருக்குப் பின்னால் மாட்டாமல் மறுபக்கம் மாட்டுவது நல்லது.

குறைந்த வசதியுள்ள வண்டியே அளவுகோல்

மூன்று வண்டிகளில் எது மிகப் பழையதோ, அதற்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐசோஃபிக்ஸில் மட்டுமே மாட்டக்கூடிய இருக்கை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அந்த வசதி இல்லாத நன்னாவின் காரில் அதனால் பயனில்லை. எல்லா வண்டியிலும் ஐசோஃபிக்ஸ் இருந்தால் அதை வாங்கலாம். ஒன்றில் இல்லாவிட்டாலும், பெல்ட்டில் கட்டக்கூடியதோ இரண்டு வகையிலும் மாட்டக்கூடியதோதான் உங்களுக்கு ஏற்றது. பெல்ட்டில் கட்டுவது தரம் குறைந்த முறை என்று எண்ண வேண்டாம். சரியாகக் கட்டினால் அதுவும் நன்றாகவே காக்கும். ஐசோஃபிக்ஸின் பெரிய நன்மை, தவறாக மாட்டும் வாய்ப்பு அதில் குறைவு என்பதே.

இருக்கையில் ஒட்டியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். ஐரோப்பியத் தரச் சான்று பெற்றவற்றில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 'ஆர்44/04' என்பது எடையை வைத்துப் பிரிக்கும் பழைய விதி. 'ஆர்129' என்பது உயரத்தை வைத்துப் பிரிக்கும் புதிய விதி. 'ஐ-சைஸ்' என்று சொல்வதும் அதற்குள் அடங்கும். இந்தியத் தரம் 'ஏஐஎஸ் 072'. எந்த முத்திரையும் இல்லாத, இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மெத்தைகளையும் துணிப் பட்டைகளையும் நம்ப வேண்டாம்.

அதே முத்திரையில் 'யுனிவர்சல்' என்று இருந்தால், அது பொதுவாகப் பல வண்டிகளுக்கும் பொருந்தும். 'செமி-யுனிவர்சல்' என்றிருந்தால், தயாரிப்பாளர் தரும் பட்டியலில் உங்கள் வண்டியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிக்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

சில இருக்கைகளில் தரையில் ஊன்றும் கால் ஒன்று இருக்கும். கால் வைக்கும் இடத்துக்கு அடியில் சாமான் பெட்டி உள்ள வண்டிகளில் அதை ஊன்றக் கூடாது, மோதலில் பெட்டியின் மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடும். வேறு சிலவற்றில் மேலிருந்து பின்னால் இழுத்துக் கட்டும் பட்டை இருக்கும். அதற்கான கொக்கி வண்டியில் இருக்க வேண்டும். சாமான் கட்டும் கொக்கியில் அதை மாட்டிவிடக் கூடாது.

எடையும் முக்கியம். சுழலும் வகை இருக்கைகளில் சில 15 கிலோ வரை கனக்கும். ஒரே காரில் நிரந்தரமாக இருப்பதற்கு அது வசதி. வாரத்துக்கு இரண்டு முறை வண்டி மாற்ற வேண்டும் என்றால், மூன்றாவது வாரமே 'இன்றைக்கு மட்டும் மடியில் வைத்துக்கொள்வோம்' என்ற பேச்சு வந்துவிடும். வண்டி மாறும் வீட்டுக்கு எடை குறைந்த, பெல்ட்டில் கட்டும் எளிய இருக்கையே நல்லது.

அமெரிக்காவிலிருந்து வாங்கி வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்குள்ள கார்களின் பெல்ட்டை முழுவதும் இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். நம் கார்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. பெல்ட்டை இறுகப் பிடிக்கும் பூட்டு அந்த இருக்கையிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குழந்தையின் வயதும் திசையும்

கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து மென்மை. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது மோதினால் தலை முன்னால் பாயும், கழுத்து தாங்காது. பின்னோக்கி உட்கார்ந்தால் முதுகு முழுவதும் அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஆர்129 விதிப்படி 15 மாதம் முடியும்வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். இருக்கையின் உயர எடை வரம்பு இடம் கொடுத்தால் அதற்குப் பிறகும் அப்படியே தொடர்வது நல்லது. முன்னால் ஏர்பேக் இயங்கும் இடத்தில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

வளர்ந்த குழந்தைக்கு உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் இருக்கை போதும். வண்டியின் பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளின் நடுவிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மீதும் படிய வேண்டும். அது எளிதில் கழற்றி மாட்டக்கூடியது என்பதால் வண்டி மாறும் சிக்கலும் இந்த வயதில் குறைந்துவிடும்.

மாட்டிய பின் சோதனை

பெல்ட் செல்லும் வழியைப் பெரும்பாலான இருக்கைகளில் நிறத்தால் குறித்திருப்பார்கள். பின்னோக்கி மாட்டும்போது நீலம், முன்னோக்கி மாட்டும்போது சிவப்பு. முழங்காலால் இருக்கையை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பிறகு பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் மீண்டும் கட்ட வேண்டும்.

குழந்தையின் தோள்பட்டை வார்களை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து கையில் வந்தால் தளர்வாக இருக்கிறது என்று பொருள். பெருநாளுக்குப் போட்ட தடித்த, ஜரிகை வைத்த உடைகள் இந்தத் தளர்வை மறைத்துவிடும். போகும் இடத்தில் இறங்கும்போது மேலுடையைப் போட்டுவிடலாம். வெயிலில் நின்ற வண்டியில் கொக்கியின் உலோகம் சுடும். குழந்தையை உட்கார வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள்.

உறவினர் வீட்டிலிருந்து பழைய இருக்கையை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அது எந்த விபத்திலும் சிக்கியிருக்கக் கூடாது. அதன் காலாவதி தேதியும் கையேடும் இருக்க வேண்டும். அதன் வரலாறு தெரியாதென்றால் விட்டுவிடுங்கள்.

இரு சக்கர வண்டியில்?

கார் இல்லாத வீடுகளே நம்மில் அதிகம். அவர்களுக்கும் விதி உண்டு. 2022 பிப்ரவரியில் வெளியாகி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் அறிவிப்பின்படி, 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுநருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். 9 மாதத்திலிருந்து 4 வயது வரை தலைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பிள்ளைகள் வருவதற்கு முந்தைய நாள்

நோணாங்குப்பத்திலிருந்து முல்லா வீதிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. 'இவ்வளவு தூரத்துக்கு எதற்கு?' என்ற கேள்வி அதனால்தான் வருகிறது. ஆனால் அந்தத் தூரம் முழுவதும் பேருந்தும் லாரியும் ஓடும் கடலூர் சாலைதான்.

ஊரிலிருக்கும் பெரியவர்கள் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. பிள்ளைகள் வருவதற்கு முந்தைய நாள் சீட் கவரைத் தூக்கிக் கொக்கிகளை வெளியே எடுத்து வையுங்கள். இடுக்கில் கம்பி இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புங்கள். எந்த இருக்கையைக் கொண்டுவருவது என்று அவர்கள் அங்கேயே முடிவு செய்துகொள்வார்கள். வாடகை வண்டி பேசும்போதே பின் பெல்ட் வேலை செய்யுமா என்று ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்ச, வண்டி நின்றபின் நேரம் நிறையவே இருக்கிறது.