வாசல் திறந்த சந்துகள்

அகமதாபாத்தின் பழைய நகரைக் காலால் அளக்க விடுமுறை நண்பர்கள் வருகிறார்கள். பார்க்க வருபவர்களின் எண்ணிக்கை ஏறுகிறது. அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கை இறங்குகிறது.

காலை எட்டு மணிக்கு முன்பே காலுபூர் சுவாமிநாராயண் கோயில் வளாகத்தில் கூட்டம். பாதிப் பேர் பக்தர்கள். மீதிப் பேர் தோளில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் கேமரா, காலில் கான்வாஸ் ஷூ என்று தயாராக நிற்பவர்கள். மும்பையிலிருந்து இரவு ரயிலில் வந்த கல்லூரித் தோழர்கள், நாலு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிய அலுவலகச் சிநேகிதிகள், கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள். அடுத்த இரண்டரை மணி நேரத்தில் இவர்கள் நடக்கப்போகும் தூரம் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோவில் பத்து நிமிஷம். ஆனால் போகும் வழியில் பாதிக்கு மேல் ஆட்டோ நுழையாது.

இந்தியாவில் நகர்ச் சுற்றுலா என்றால் பஸ்தான். ஜன்னலோரம் இடம் பிடித்து, மைக்கில் வழிகாட்டி சொல்வதைக் கேட்டு, இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கி, ஏறச் சொன்னால் ஏறவேண்டும். அகமதாபாத்தில் அப்படிப் போகிறவர்கள் சபர்மதி ஆசிரமத்தைப் பார்ப்பார்கள். 1573-ல் கட்டப்பட்ட சீதி சையத் மசூதியின் கல் ஜன்னலைப் பார்த்து மூக்கில் விரல் வைப்பார்கள். நகரத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். அது மதிலுக்குள்ளே, சந்துகளுக்குள்ளே இருக்கிறது.

சுல்தான் அகமது ஷா 1411-ல் சபர்மதியின் கிழக்குக் கரையில் நிறுவிய நகரம் இது. இன்று மதில் அநேகமாக இல்லை. வாசல்கள் பல மிச்சம். அதற்குள் இருக்கும் ஐந்தரை சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடத்தில்தான் நூற்றுக்கணக்கான 'போள்'கள் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஜாதி அல்லது ஒரே தொழில்காரர்கள் சேர்ந்து வாழ்ந்த தெரு என்று போளைச் சொல்லலாம். தெருவுக்கு ஒரு வாசல்; வாசலுக்கு ஒரு கதவு. இரவானால் சாத்திவிடுவார்கள். 18-ம் நூற்றாண்டில் முகலாயத் தளபதிகளும் மராட்டியர்களும் நகருக்காக மாறி மாறி அடித்துக்கொண்டபோது அந்தக் கதவுதான் குடித்தனக்காரர்களுக்குக் காவல். சில வீடுகளுக்குள் நுழைந்து பின்பக்கமாக அடுத்த போளுக்குப் போய்விட வழியும் உண்டு. துரத்தி வந்தவன் முட்டுச் சுவர் முன்னால் நிற்பான்.

இந்தச் சந்துகளுக்குள் வெளியூர்க்காரர்களை அழைத்துப் போகலாம் என்ற எண்ணம் 1997-ல் செயலுக்கு வந்தது. கட்டடக் கலைஞர் தெபாஷிஷ் நாயக்கின் முயற்சியில், அகமதாபாத் மாநகராட்சி அந்த வருடம் நவம்பர் 19 அன்று, உலகப் பாரம்பரிய வாரத்தின் முதல் நாளில், இந்த 'ஹெரிடேஜ் வாக்'கைத் தொடங்கியது. கோயிலில் ஆரம்பித்து மசூதியில் முடியும்படி பாதை போட்டார்கள். மதக் கலவரங்களுக்குப் பெயர்போன ஓர் ஊரில் அது யோசித்துச் செய்த காரியம்.

கோயிலே முதல் பாடம். 1822-ல் பிரதிஷ்டையான காலுபூர் கோயிலில் மரத் தூண்களும் தாங்குகட்டைகளும் பல வண்ணத்தில் செதுக்கி நிற்கின்றன. வெளியே வந்து தெருவைக் கடந்தால் லம்பேஷ்வர் போள். அங்கே ஒரு பெரியவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கிட்டே போனால்தான் சிலை என்று தெரிகிறது. குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம். 1820-ல் பிறந்து 1898-ல் மறைந்த அவர் வசித்த வீட்டின் இடத்தில் முகப்பை மட்டும் நினைவாக நிறுத்தி, கவிஞரையும் அவர் திண்ணையிலேயே உட்காரவைத்திருக்கிறார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாமல் எந்த நண்பர் குழுவும் நகர்வதில்லை.

அதற்குப் பிறகு பாதை சுருங்குகிறது. நால்வர் வரிசையாக வந்தவர்கள் இருவராகி, பிறகு ஒருவர் பின் ஒருவராகிறார்கள். எதிரே ஸ்கூட்டர் வந்தால் எல்லோரும் சுவரோடு ஒட்டவேண்டும். பசு வந்தால் திண்ணை மேலே ஏறவேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்தத் திண்ணை அந்நியமாகத் தெரியாது. அங்கே அதற்கு 'ஓட்லா' என்று பெயர். காலையில் பட்டாணி உரிப்பதும், பேப்பர் படிப்பதும், தெருவில் போகிறவர்களை விசாரிப்பதும் அதில்தான்.

ஹாஜா படேல் போளில் ஒரு வீட்டைப் போலவே தோன்றும் கட்டடத்துக்குள் கருப்புக் கல்லில் ராமர், காலா ராம்ஜி. பக்கத்திலேயே சாந்திநாதர் ஜைன ஆலயம். சற்றுத் தள்ளி 'குவாவாலா காஞ்சோ', அதாவது கிணற்று முடுக்கு. ஒரு கிணற்றைச் சுற்றியுள்ள வீடுகளில் ஒன்று மராட்டியர் பாணி, ஒன்று ஆங்கிலேயர் பாணி, ஒன்று முகலாயர் பாணி, ஒன்று அசல் குஜராத்தி. ஊரை ஆண்டவர்களின் பட்டியலை வீட்டு முகப்பிலேயே படித்துவிடலாம். தெரு முனையில் கம்பத்தின் மேல் சின்ன மண்டபம் போல ஒன்று நிற்கும். அது 'சபூத்ரா', பறவைகளுக்குத் தீனி வைக்கும் மேடை. மரங்கள் நிற்க இடமில்லாத தெருவில் பறவைகளுக்கென்று மனிதர்கள் கட்டிக் கொடுத்த மரம்.

அழகு வெளியே என்றால் சாமர்த்தியம் உள்ளே. மே மாதத்தில் 42, 43 டிகிரி சாதாரணமாக அடிக்கும் ஊர். வீடுகள் பொதுச் சுவர் வைத்து ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் வெயில் படுவதில்லை. சந்து குறுகலாக இருப்பதால் நடுப்பகல் தவிர மற்ற நேரம் நிழல். வீட்டு நடுவே திறந்த முற்றம். சூடான காற்று மேலே போய்விட, அறைகள் குளிர்கின்றன. முற்றத்துக்கு அடியில் 'டாங்கு' என்ற தொட்டி. மொட்டை மாடியில் விழும் மழை குழாய் வழியாக இறங்கி இதில் சேரும். மழைநீர் சேமிப்பு என்ற பெயரில் அரசுகள் பிரசாரம் செய்வதற்குப் பல தலைமுறை முன்பே இங்கே வீட்டுக்கு வீடு அது நடந்துகொண்டிருந்தது.

ஹர்குவர் சேட்டானியின் ஹவேலி முன்னால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறார்கள். கணவர் ஹத்தீசிங் தொடங்கிய பிரமாண்டமான ஜைன ஆலயத்தை, அவர் இறந்த பிறகு 1848-ல் கட்டி முடித்த பெண்மணி இவர். பிறகு பள்ளிப் புத்தகக் கடைகள் நெருக்கும் பெர்னாண்டஸ் பாலத்துக்கு அடியில் புகுந்து, நகரின் முதல் போள் என்று சொல்லப்படும் முகூர்த்தப் போள் வழியாக மாணெக் சௌக். காலையில் மாட்டுக்குத் தீவனம் விற்கிற இடம். பகலில் தங்கம், வெள்ளி மார்க்கெட். இரவானால் அதே தரையில் பாவ் பாஜி, குல்ஃபி. ஒரு சதுக்கத்துக்கு மூன்று ஷிப்ட். அகமது ஷாவின் கல்லறையும் ராணிகளின் கல்லறையும் பக்கத்திலேயே. ராணிகளைச் சுற்றிப் பாவாடைத் துணிக் கடைகள். கடைசியாக 1424-ல் கட்டப்பட்ட ஜும்மா மசூதி. 260 தூண்கள். அதன் மினாரெட்டுகள் 1819 பூகம்பத்தில் விழுந்துவிட்டன.

இத்தனையும் பார்த்துவிட்டு மசூதியின் அகன்ற முற்றத்தில் ஷூவைக் கழற்றி உட்காரும் நண்பர்கள், காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: வழியில் அத்தனை பூட்டு ஏன்?

கவனித்தவர்களுக்குத் தெரியும். செதுக்கிய கதவில் துருப்பிடித்த பூட்டு. மாடியில் உடைந்த ஜன்னல். அடுத்த வீட்டில் குடித்தனத்துக்குப் பதில் அட்டைப் பெட்டிகள். அதற்கடுத்த வீடு இருந்த இடத்தில் கான்கிரீட் தூண்கள். மாணெக் சௌக்கும் ரிலீஃப் ரோடும் வளர வளர, வியாபாரிகளுக்குக் கிடங்கு தேவைப்படுகிறது. போள் வீடு அதற்குத் தோதாக இருக்கிறது.

போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 1892-ல் எல்லிஸ் பாலம் வந்ததிலிருந்தே வசதியுள்ளவர்களின் பார்வை ஆற்றின் மேற்குக் கரை மேல்தான். அங்கே கார் நிறுத்த இடம் உண்டு. வயதானவர்களுக்கு லிஃப்ட் உண்டு. இங்கே மரத்தைக் கரையான் அரிக்கிறது. செதுக்கு வேலை தெரிந்த தச்சர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் கூலி அதிகம். தாத்தாவின் வீட்டுக்குப் பேரன்கள் பத்துப் பேர் பங்காளிகள். பழுது பார்க்க யாரும் காசு எடுக்க மாட்டார்கள். பழைய வாடகைக்காரர் கொடுக்கும் தொகை வெள்ளையடிக்கவும் காணாது. 1969, 1985, 2002 கலவரங்கள் ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டன. பதற்றமான பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் கலெக்டர் அனுமதியில்லாமல் சொத்து கைமாறக் கூடாது என்று 1991 சட்டம் வேறு சொல்கிறது. விற்பதும் சிரமம், வைத்திருப்பதும் சிரமம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் அகமதாபாத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தது பெரும்பாலும் புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்ததால்தான். செங்கல் சுவருக்கு நடுவே மரச் சட்டங்களை வைத்துக் கட்டிய போள் வீடுகளில் விரிசல் விழுந்தது. ஆனால் பெரும்பாலும் நின்றன. ஆட்டத்துக்கு ஈடுகொடுத்து அசையும் மரம் பாரத்தைத் தாங்கியது. பூகம்பம் இடிக்காததைப் பராமரிப்பின்மையும் பங்காளிச் சண்டையும் இடிக்கின்றன.

2017 ஜூலை 8-ம் தேதி போலந்தின் கிராகோவ் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு அகமதாபாத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் பெற்ற முதல் நகரம். ஜெய்ப்பூர் 2019-ல்தான் அதில் சேர்ந்தது. பட்டம் வந்தது வீதியில் நடந்தவர்களுக்குப் பெருமை. வீட்டுக்காரருக்கு அதனால் என்ன லாபம் என்பதுதான் கேள்வி. மாநகராட்சி ஒரு வழி கண்டது. பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர், அதன்மேல் கட்ட முடியாமல் போன பரப்புக்கான உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுகிறவருக்கு விற்கலாம். அந்தப் பணத்தில் பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம். காகிதத்தில் கச்சிதம். ஆனால் பத்திரத்தில் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

சிலர் வேறு வழியில் போயிருக்கிறார்கள். பழைய ஹவேலியைச் செப்பனிட்டு விருந்தினர் அறைகளாக, சாப்பாட்டுக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். விடுமுறைக்கு வருகிற நண்பர்கள் ஹோட்டலுக்குப் பதில் அங்கே தங்கினால் அந்தக் காசு போளுக்குள்ளேயே நிற்கும். ஆனால் தெரு முழுக்க விருந்தினர் விடுதியானால் திண்ணையில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பது யார்? மனிதர்கள் குடியிருப்பதைப் பார்ப்பதற்காகத்தானே காலையில் இத்தனை பேர் நடக்கிறார்கள்.

வருபவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. வெயிலுக்கு முன், நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வரலாம். பெருங்கூட்டமாக இல்லாமல் நாலைந்து பேராக நடந்தால் தெரு மூச்சு விடும். முற்றத்துக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் உள்ளே வாருங்கள் என்றுதான் பதில் வரும். கேட்காமல் கேமராவை நீட்டினால் கதவு சாத்தப்படும்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் போள்களில் பூட்டு குறைவு. ஜனவரி 14, உத்தராயண். மேற்குக் கரைக்குப் போன பிள்ளைகள், வெளிநாட்டுக்குப் போன பேரன்கள் எல்லோரும் பட்டம் விடப் பழைய மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறார்கள். புதிய அடுக்குமாடிகளில் அந்தக் குதூகலம் இல்லை. மாடிக்கு மாடி ஒட்டிக்கொண்டு, கூவிக் கூவி அடுத்த வீட்டுப் பட்டத்தை அறுக்கும் சௌகரியம் போளில்தான். சொந்த வீட்டை விற்றுவிட்டவர்கள் ஒரு நாளைக்கு மாடியை வாடகைக்கு எடுப்பதும் உண்டு. வீட்டை வேண்டாம் என்றவர்களுக்கும் மாடி வேண்டியிருக்கிறது. மாநகராட்சியும் யுனெஸ்கோவும் தேடிக்கொண்டிருக்கும் பதில், அந்த மாடியிலிருந்து ஒரு படிக்கட்டு கீழேதான் இருக்கிறது.