கணிப்பொறிக்குத் தமிழ் எழுத்து தெரியுமா?

கடலூரின் கடற்கரைப் பகுதி தேவனாம்பட்டினம். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி, எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். தே, வ, னா, ம், ப, ட், டி, ன, ம் என ஒன்பது எழுத்துகள் வரும். அதே பெயரை இன்றைய கணிப்பொறியில் தட்டச்சு செய்தால், அது பதினைந்து எண்களைக் குறித்துக்கொள்கிறது. ஒன்பது எப்படிப் பதினைந்து ஆயிற்று?

உண்மையில் கணிப்பொறிக்கு எந்த மொழியின் எழுத்தும் தெரியாது. 1, 0 என்னும் இரண்டு நிலைகளை மட்டுமே அது அறியும். இவற்றில் ஒன்றைக் குறிக்கும் இடம் ஒரு பிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பைட்டில் 256 வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம். ஆகவே இந்த எழுத்துக்கு இந்த எண் என்று மனிதர்கள்தாம் முதலில் ஒரு பட்டியல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1963-இல் வெளிவந்த ஆஸ்கி என்னும் பட்டியலில் 128 இடங்கள் உள்ளன. ஆங்கிலத்துக்கு அது போதும். ஜப்பானியர் சீனத்திலிருந்து பெற்ற எழுத்துகளோ பல்லாயிரம். அவர்கள் 1978-இல் அவற்றுள் 6,349 எழுத்துகளைத் தேர்ந்து, எழுத்துக்கு இரண்டு பைட் என்று ஒதுக்கினார்கள்.

துண்டு துண்டாகத் தமிழ்

தமிழுக்கு 247 எழுத்துகள். 256 இடங்களில் ஆங்கிலத்துக்கு 128 போனால் மிச்சம் 128 தானே? எனவே தொடக்கத்தில் எழுத்துரு செய்தவர்கள் கொம்பு, கால், விசிறி என்று வடிவங்களைத் துண்டாக்கி அந்த இடங்களில் வைத்தார்கள். அச்சுக்கோப்பவர் 'தே' என்பதற்கு முதலில் கொம்பையும் பிறகு 'த'வையும் எடுத்து வைப்பார் அல்லவா? அதே முறைதான் இதுவும்.

ஆனால் ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டார்கள். கடலூரில் எழுதிய கடிதத்தைச் சிதம்பரத்தில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாதபோது, பொருளற்ற குறிகளே தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை அடுத்து, தமிழக அரசு டாம், டாப் என்னும் பொதுப் பட்டியல்களை ஏற்றது. அவையும் உலக மொழிகள் அனைத்துக்கும் உரியவை அல்ல.

உலகுக்கு ஒரே பட்டியல்

உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் ஒரே பட்டியலில் அடக்க முனைந்தது ஒருங்குறி. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரை உள்ள எண்கள் தமிழுக்கு உரியவை. உயிர் 12, அகர மெய் 18, உயிர்க்குறிகள் 11, புள்ளி, ஆய்தம் ஆகிய 43 இருந்தால் 247 எழுத்துகளையும் ஆக்கிவிடலாம்.

இப்போது நம் ஊர்ப் பெயருக்கு வருவோம். 'தே' என்பது 2980, 3015 என்னும் இரண்டு எண்கள். முதலாவது 'த', அடுத்தது ஏகாரக் குறி. கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும், நாம் ஒலிக்கும் வரிசையில்தான் எண்கள் நிற்கின்றன. 'வ' 2997 என்னும் ஒரே எண். 'ம்' என்பது 2990-உம், புள்ளியைக் குறிக்கும் 3021-உம். இப்படிக் கூட்டினால் பதினைந்து வருகிறதா? இணையத்தில் பெரிதும் வழங்கும் முறையில் இவற்றுக்கு எண்ணுக்கு மூன்று பைட் வீதம் 45 பைட் ஆகும்.

'னா'வைக் கவனியுங்கள். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அது கால் இல்லாமல், ஒரே சுழிவடிவமாக அச்சிடப்பட்டது. அந்தப் பழைய வடிவில் காட்டினாலும் எண்கள் 2985, 3006 தாம். எண் குறிப்பது எழுத்தை. அதன் உருவத்தை வரைவது எழுத்துருவின் வேலை.

இதனால் நமக்கு என்ன பயன்? தேவனாம்பட்டினம் என்று தேடும்போது, கணிப்பொறி இந்தப் பதினைந்து எண்களின் வரிசையைத்தான் தேடுகிறது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் அதே ஊர் வேறு எண்களாக இருக்கும், தேடினால் அகப்படாது. அந்த எழுத்துருவும் அதன் பட்டியலும் மறைந்துவிட்டால், கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க ஆள் இராது.

2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ அதற்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், அவற்றை இப்போதே ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். ஓலையைச் செல் அரிக்கும் முன் படியெடுத்தார்களே நம் முன்னோர், அதைப் போன்ற பணிதான் இதுவும்.