கர்ணனுக்கு ஒரு காகிதக் கவசம்

நமது சங்க ஆண்டு விழாவில் குழந்தைகள் கர்ணன் கதையை நாடகமாக நடித்ததைப் பார்த்திருப்பீர்கள். நாடகம் முடிந்ததும், "கவசங்களை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று பலர் கேட்டார்கள். கடையில் வாங்கவில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் செய்தவை. செய்முறையை எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டதால் இக்கட்டுரை.

முதலில் ஒரு பழைய தவறைச் சொல்லிவிடுகிறேன். 1996ல் என் மகன் ஒரு நாடகத்தில் படைவீரனாக நடித்தான். எண்ணெய் டின்னை வெட்டி நானே கவசம் செய்தேன். ஓரத்தை மடக்கி விடவில்லை. மேடையில் குனிந்தபோது தகரம் கழுத்தைக் கிழித்து இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. தழும்பு இன்றும் இருக்கிறது. இந்த ஆண்டு கர்ணனாக நடிக்க என் பேத்தியைத் தேர்ந்தெடுத்தபோது மருமகள் கேட்ட முதல் கேள்வி: "மாமா, மறுபடியும் தகரமா?"

சித்பூர் ரோட்டில் ஜாத்ரா குழுக்களுக்கு உடை வாடகைக்குத் தரும் கடைகளுக்குப் போனேன். எல்லாம் பெரியவர்கள் அளவு. மேலும், கர்ணன் மேடையிலேயே கவசத்தைக் கழற்றி இந்திரனிடம் தர வேண்டும். பன்னிரண்டு வயதுக் குழந்தை ஒரு கையால் தூக்கிக் கொடுக்கும் கனம்தான் இருக்கலாம். கர்ணனுக்கு ஒன்று, வீரர்களுக்கு ஆறு, ஆக ஏழு கவசம். ஏழும் ஒரே மாதிரி வேண்டுமென்றால் அச்சுதான் வழி.

ஜமால்பூர் ரயில்வே பணிமனை 1862ல் தொடங்கப்பட்டது. அதன் பவுண்டரியில் நான் பயிற்சி பெற்ற நாட்களில் ஒரு முதிய மிஸ்திரி சொல்வார்: "உள்ளே போவது பெரிதல்ல, வெளியே வர வழி வைத்தாயா?" வார்ப்பு வேலை முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கும். முதலில் மாதிரி, அதன் மேல் அச்சு, அச்சுக்குள் வார்ப்பு. மாதிரியில் உள்ள குறை அச்சில் ஏறும். அச்சில் ஏறியது ஒவ்வொரு வார்ப்பிலும் வரும்.

மாதிரி: ஒரு பலகையில் செங்கல் துண்டுகளை அடுக்கி, மேலே களிமண் பூசி மார்பு வடிவம் செய்யுங்கள். நான் குமார்துலியில் பொம்மை செய்வோரிடம் கங்கை மண் வாங்கினேன். அகலம் 12 அங்குலம், உயரம் 14 அங்குலம். ஈரக் கையால் வழித்து, சூரியன், கொடி போன்ற வேலைப்பாடுகளை மேலே புடைப்பாக ஒட்டுங்கள்.

அச்சு: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம் கல்லைச் சூடாக்கி அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை நீக்கிய பொடி. நீர் சேர்ந்ததும் மீண்டும் கல்லாகிறது. எடையில் பத்துப் பங்கு பொடிக்கு ஏழு பங்கு நீர். நான்கு கிலோ பொடிக்கு 2.8 லிட்டர். பொடியின் மேல் நீரை ஊற்றாதீர்கள், கட்டி தட்டும். நீரில் பொடியைத் தூவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, குமிழி எழாமல் மெதுவாகக் கலக்குங்கள். இரண்டு தவணையாகக் கலப்பது நல்லது. முதல் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். அடுத்த பூச்சில் சணல் நாரைத் தோய்த்து வைத்து முக்கால் அங்குலக் கனம் கொண்டுவாருங்கள். அரை மணியில் இறுகும். திருப்பிப் போட்டுக் களிமண்ணைத் தோண்டி எடுத்து, கழுவி, ஒரு வாரம் உலர விடுங்கள்.

வார்ப்பு: அச்சின் உட்புறம் மெல்லியதாக வாசலின் தடவுங்கள். செய்தித்தாளைக் கிழித்துப் பயன்படுத்துங்கள், வெட்டாதீர்கள். கிழிந்த ஓரத்தின் நார் ஒன்றோடொன்று படியும். முதல் அடுக்கு வெறும் நீரில் நனைத்தது. பிறகு மைதாப் பசையில் ஏழு அடுக்கு. செய்தித்தாளும் பழுப்புத்தாளும் மாறி மாறி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிற்று என்று தெரியும். பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், குழந்தை அணியும் பொருளில் வேண்டாம். மறுநாள் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் கோணும்.

இத்தனையும் தெரிந்த நான் செய்த தவறு இது. உடலோடு பொருந்த வேண்டும் என்று விலாப்பக்கத்தை உள்வாங்கி அமைத்துவிட்டேன். களிமண் தோண்டி எடுக்கப்படுவதால் குறை தெரியவில்லை. முதல் காகிதக் கவசம் அச்சிலிருந்து வர மறுத்தது. இழுத்ததில் கழுத்துப் பக்கம் கிழிந்தது. விழாவுக்கு இருபத்தைந்து நாள்தான் இருந்தது. மிஸ்திரியின் கேள்வியை நினைத்துக்கொண்டு, அச்சில் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டரைக் கத்தியால் சீவி, வாய் விரிந்த சரிவாக்கினேன். அடுத்த கவசம் தட்டியதும் வந்தது. மூன்று நாளுக்கு ஒன்றாக, இருபத்தொரு நாளில் ஏழும் முடிந்தன.

நீங்கள் இதைத் தவிர்க்கலாம். களிமண் மாதிரிக்கு நேர் மேலே ஒரு விளக்கைத் தொங்கவிடுங்கள். பக்கங்களில் எங்கே நிழல் விழுகிறதோ அங்கே உள்வாங்கல் இருக்கிறது. அதை மண் வைத்து நிரப்பிய பிறகே பிளாஸ்டர் ஊற்றுங்கள்.

வண்ணம்: முதலில் முழுவதும் கறுப்பு. உலர்ந்ததும் பொன்வண்ணத்தைத் துணியில் தொட்டு மேடான இடங்களில் மட்டும் தேய்த்தால் உலோகம் போலவே இருக்கும். கழுத்து ஓரத்தில் துணிப்பட்டை ஒட்டுங்கள். தோளில் இழுத்தால் அவிழும் சுருக்காக நாடா கட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கனமாக ஊற்றினால் தோல் வெந்துவிடும். குழந்தையின் கையையோ மார்பையோ நேரடியாக பிளாஸ்டரில் வைத்து அச்செடுக்கவே கூடாது. பொடியைக் கையாளும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மீந்த குழம்பைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகிவிடும்.

விழா அன்று என் பேத்தி நாடாவை இழுத்து, கவசத்தை ஒரு கையால் தூக்கி இந்திரனிடம் நீட்டினாள். அதன் எடை கால் கிலோகூட இல்லை. முன்வரிசையில் என் மகன் தன்னையறியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

அச்சு எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த நாடகத்துக்கு வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். ஈரம் படாமல் திருப்பித் தந்தால் போதும்.