காலுக்கும் ஒரு தலையணை

பகலெல்லாம் அடுப்படியிலும் கடையிலும் வகுப்பறையிலும் நின்று உழைத்தவர்கள், மாலையில் செருப்பைக் கழற்றும்போது அதன் வார் பதிந்த தடம் பாதத்தில் அப்படியே நிற்பதைக் காண்கிறார்கள். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அக்குழி மேடாகச் சற்று நேரம் பிடிக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் வீக்கத்தைக் காணோம். “இரவில் காலுக்குத் தலையணை வைத்துப் படு, வடிந்துவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அது நல்ல அறிவுரையே. ஆயினும் எல்லாக் கால்களுக்கும் அது பொருந்தாது. உயர்த்தினால் நலம் பெறும் கால்களும் உண்டு. உயர்த்தினால் கேடு அடையும் கால்களும் உண்டு. இவ்வேறுபாட்டை நம் இல்லங்களில் அறிந்து வைத்திருத்தல் நன்று.

இதயம் உந்தித் தள்ளும் இரத்தம் தமனிகள் வழியாகப் பாதம் வரை எளிதில் இறங்கிவிடுகிறது. ஆனால் அது சிரைகள் வழியாக மீண்டும் மார்பு வரை ஏறி வரவேண்டுமே! இந்த ஏற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ஃபாப்ரீசியுஸ், சிரைகளுக்குள் சிறு கதவுகள் போன்ற வால்வுகள் அமைந்திருப்பதை 1603-இல் ஒரு நூலாக வெளியிட்டார். இரத்தம் விரைந்து கீழிறங்கித் தேங்காமல் தடுப்பதே அவற்றின் வேலை என்று அவர் எண்ணினார். அவரிடம் பயின்ற ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வியே, அக்கதவுகள் இதயத்தை நோக்கி மட்டும் திறப்பவை என்பதைத் தெளிவாக உணர்ந்தார். 1628-இல் அவர் வெளியிட்ட நூலில், மேற்கையில் கட்டுப் போட்டு, புடைத்த சிரையை விரலால் நீவிக் காட்டும் படங்கள் உள்ளன. பெரிய கருவி எதுவும் இன்றி, ஒரு துணிக்கட்டையும் ஒரு விரலையும் கொண்டு நிறுவப்பட்ட உண்மை அது.

கதவுகள் மட்டும் இருந்தால் போதுமா? இரத்தத்தை மேலேற்ற விசை வேண்டும். அதனைத் தருவது கெண்டைக்கால் தசை. நாம் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அத்தசை சுருங்கிச் சிரையைப் பிழிகிறது. இரத்தம் ஒரு கதவைத் தாண்டி மேலே செல்கிறது. இதனால்தான் அதனை இரண்டாம் இதயம் என்கிறார்கள். அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் உள்ள சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது. நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே நடப்பவர் காலைவிட நிற்பவர் காலுக்கே தொல்லை மிகுதி. படுத்தவர் நிலை வேறு. உடல் முழுவதும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால் சிரைகளுக்கு ஏற்றமே இல்லை. கால் சற்று உயர்ந்திருந்தால், தேங்கிய நீர் மடையில் வடிவது போல் தானே வடிகிறது.

துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரியும் நம் பெண்மக்களை இங்கு நினைக்காமல் இருக்க இயலவில்லை. வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத விதியாக இருந்தது. கேரளத்தில் கடைப்பெண்கள் போராடியதன் பயனாக 2018-இல் அங்குச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர் அனைவருக்கும் இருக்கை தருதல் கட்டாயமாயிற்று. நாற்காலி ஒன்று போடுவதற்கு ஒரு சட்டமா என்று சிலர் நகைக்கலாம். ஆண்டுக்கணக்கில் நின்று நின்று, சிரை புடைத்துச் சுருண்டு, கணுக்கால் தோல் கறுத்து, இறுதியில் ஆறாத புண்ணாகிப்போன காலைக் கண்டவர் நகைக்கமாட்டார். பரம்பரை, உடற்பருமன், பல முறை கருவுறுதல் ஆகியனவும் சிரையின் கதவுகளைத் தளர்த்துவது உண்டு. அவ்வாறு தளர்ந்த சிரைகளைக் கொண்டோருக்குக் காலை உயர்த்திப் படுத்தல் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும். புண் ஆறவும் துணை செய்யும். தளர்ந்த கதவுகளை அது சீர்ப்படுத்திவிடாது. காலை உயர்த்திப் படுத்தால் மூளை கூர்மையாகும், தீராத நோயெல்லாம் தீரும் என்று பரப்பப்படுவனவற்றை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எவ்வாறு உயர்த்துவது? கணுக்கால் நெஞ்சின் மட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தால் போதும். மரக்கட்டிலாயின், கால்மாட்டுப் பக்கத்துக் கட்டிற்கால்கள் இரண்டின் அடியிலும் ஆடாத மரக்கட்டைகளையோ செங்கற்களையோ வைத்து ஆறு அங்குலம் உயர்த்தலாம். உறக்கத்தில் புரண்டாலும் கால் கீழே வராது என்பதே இம்முறையின் சிறப்பு. பாயில் படுப்போர் கெட்டியான போர்வையை மடித்து, முழங்கால் தொடங்கிக் கணுக்கால் வரை தாங்குமாறு வைத்துக்கொள்ளலாம். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணையைச் செருகும் வழக்கம் நன்றன்று. இரவெல்லாம் மடங்கியே கிடக்கும் முழங்கால் நாளடைவில் நீட்ட வராமற் போகலாம். மூட்டு அறுவை செய்துகொண்டோர் இதில் மிகுந்த கவனம் கொள்ளல் வேண்டும். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்குக் குதிகால் எதன்மீதும் அழுந்தாதிருத்தல் வேண்டும். அழுந்திய இடம் புண்ணாவதை அவர் உணரமாட்டார். தொய்ந்த கயிற்றுக் கட்டிலோ இதற்கு உதவாது. அதில் இடுப்புத்தான் பள்ளத்தில் கிடக்கும்.

இரவில் இருமுறை மும்முறை சிறுநீர் கழிக்க எழும் முதியோர் நம் வீடுகளில் பலர் உள்ளனர். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் இரத்தத்தில் கலந்து சிறுநீராக வெளியேறுவதும் இதற்கு ஒரு காரணம். இத்தகையோர் பிற்பகலிலேயே ஒரு மணி நேரம் காலை உயர்த்திச் சாய்ந்திருந்தால், அந்நீர் உறங்கச் செல்லுமுன்பே வெளியேறிவிடும். இரவு உறக்கம் கெடுவதும் குறையும். பாட்டி பகலில் படுக்கிறாரே என்று எவரும் குறைகூற வேண்டா!

யானைக்கால் நோயால் வருந்துவோருக்கும் இது பெருந்துணை. அந்நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதை பாட்ரிக் மான்சன் 1877-இல் சீனாவின் அமோய் நகரில் கண்டறிந்தார். புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிடுவதால் நீர் வடிய வழியின்றிக் கால் பருக்கிறது. நாள்தோறும் சோப்பிட்டு மெல்லக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, இரவில் காலை உயர்த்தி வைத்து வந்தால், காய்ச்சலும் நெறிகட்டலும் அடிக்கடி வந்து கால் மேலும் பருப்பது பெரிதும் குறைகிறது. ஊரார் கண்ணுக்கு அஞ்சி வேட்டிக்குள்ளும் சேலைக்குள்ளும் மறைக்கப்படும் அக்காலைக் கழுவித் துடைத்து உயர்த்தி வைக்க, வீட்டில் ஒருவர் கைகொடுக்க வேண்டும்.

கருவுற்ற தாய்மார் காலை உயர்த்துவதோடு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தல் நலம். நிமிர்ந்து படுத்தால், வளர்ந்த கருப்பை பெருஞ்சிரையை அழுத்தும். வீக்கம் முகத்திலும் கையிலும் தோன்றினால், அல்லது தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்து வந்தால், தலையணையை நம்பியிராமல் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

இனி, உயர்த்தக் கூடாத கால்கள். பீடி, சுருட்டுப் பழக்கமுடைய ஆண்களிடம் தமனி அடைபடும் நோய் காணப்படுகிறது. சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி நீங்கும். நோய் முற்றினால் இரவில் பாதம் எரிச்சலோடு வலிக்கும். காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டால்தான் சற்று ஆறுதல் கிடைக்கும். 1908-இல் லியோ பியூர்கர் என்னும் மருத்துவர் விரிவாக எழுதிய நோய் இவ்வகையினது. அத்தகைய காலை உயர்த்தினால் பாதம் வெளுத்துவிடும். இறங்கும் இரத்தமே குறைவாயிருக்க, அதையும் நாம் தடுத்தவர்களாவோம். தொங்கவிடத் துடிக்கும் காலை வற்புறுத்தி உயர்த்தாதீர்கள்.

படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரும் இதய நோயாளருக்கும் இது ஆகாது. காலின் நீர் நெஞ்சுக்குத் திரும்பி மூச்சுத் திணறலை மிகுவிக்கும். அவர் உயர்த்த வேண்டியது தலையையே. நெஞ்செரிச்சல் உடையோருக்கும் தலைமாடு உயர்ந்திருப்பதே ஏற்றது. இரத்த அழுத்தத்திற்கென்று தரப்படும் அம்லோடிபின் போன்ற சில மாத்திரைகளாலும் கணுக்கால் வீங்கக்கூடும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், தந்த மருத்துவரிடமே அதனைத் தெரிவித்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. அறுவைக்குப் பின்போ, பேறுகாலத்திலோ, நெடும்பயணம் முடிந்தோ ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். சுளுக்கு என்று கருதி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே முடிவாகும். அந்தக் காலை எவரும் பிடித்துவிடாமல், விடியும் வரை காத்திராமல், அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.