ஞானப் பல் எடுத்தபின் வரும் வீக்கம்: ஸ்டீராய்டு எப்போது உதவும்?

கீழ்த்தாடைக்குள் புதைந்து குறுக்கே படுத்திருக்கும் ஞானப் பல்லை எடுப்பது சாதாரணமாகப் பல் பிடுங்குவது போன்றதல்ல. ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது குடைந்து, பல்லைத் துண்டுகளாக வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். மரத்துப்போன உணர்வு தெளிந்ததும் வலி தெரியும். வீக்கம் அன்றே முழுதாகத் தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் கன்னம் உப்பி உச்சத்துக்குப் போகும். வாயைத் திறந்தால் ஒரு விரல் நுழைவதே சிரமம். இட்லியைக்கூடக் குழைத்துத்தான் சாப்பிட வேண்டும். நேற்றைவிட இன்று கூடிவிட்டதே என்று பலரும் பதறுவது அப்போதுதான்.

ஒரு டோஸ் ஸ்டீராய்டு என்ன செய்கிறது?

காயம் பட்டதும் செல் சவ்வின் கொழுப்பிலிருந்து ப்ராஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் உருவாகின்றன. வீக்கமும் வலியும் அவற்றால் வருபவை. ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் இந்தத் தொடரின் ஒரு கிளையைத் தடுக்கின்றன. ஸ்டீராய்டு அதற்கு முந்தைய படியிலேயே குறுக்கே நிற்கிறது. பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன்தான் தருவார்கள்: 4 முதல் 8 மில்லிகிராம், மாத்திரையாகவோ, ரத்தக்குழாயிலோ பல்லருகே ஈறிலோ போடும் ஊசியாகவோ. அதன் வேலை ஒன்றரை நாளுக்கு மேல் நீடிப்பதால், பலருக்கு ஒரே டோஸ் போதும். வீக்கமும் வாய் திறக்க முடியாத இறுக்கமும் நன்றாகவே குறையும். வலியில் அவ்வளவு மாற்றம் இருக்காது, வலிமாத்திரை தேவைதான்.

ஸ்டீராய்டு என்றதும் முகம் ஊதும், எலும்பு தேயும் என்று பயப்படுகிறோம். அவை பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வருபவை. ஒரு டோஸுக்கு அந்தப் பயம் வேண்டாம். அன்றிரவு சிலருக்குத் தூக்கம் கெடலாம், முகம் சிவக்கலாம்.

சர்க்கரை இருந்தால்

இதை மட்டும் மறைக்காதீர்கள். ஒரே டோஸ்கூட ரத்தச் சர்க்கரையை ஓரிரு நாள் உயர்த்திவிடும்; சர்க்கரை ஏறினால் புண் ஆறுவதும் தாமதமாகும், கிருமியும் எளிதில் தொற்றும். பல் பிடுங்குவதற்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காமல், கடைசியாக எடுத்த சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும், சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு தருவதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவெடுப்பது அவற்றை வைத்துத்தான். குடல்புண், காசநோய், கண் அழுத்தம், கர்ப்பம் இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். குடல்புண் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டும் வலிமாத்திரையும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரை போகக்கூடும். மூட்டுவாதம், ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்

வீக்கம் வடியவில்லை என்று பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போடுவதும், வீட்டில் மிஞ்சிய மாத்திரையை எடுத்துக்கொள்வதும் நம்மிடம் உள்ள ஆபத்தான பழக்கம். ஸ்டீராய்டு கிருமியைக் கொல்லாது. காய்ச்சல், சிவப்பு போன்ற அடையாளங்களை அமுக்கிவிடும். உள்ளே சீழ் கோத்துக்கொண்டிருக்க, வெளியே குணமாவதுபோலத் தோன்றும்.

மூன்றாம் நாளுக்குப் பின் காது வரை இழுக்கும் வலி வந்தால், பல் இருந்த குழியில் ரத்தக்கட்டி கரைந்துபோயிருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்தல்ல. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும். வடிந்த வீக்கம் மீண்டும் ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே அவரிடம் காட்டுங்கள். எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் பல் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.